ஊக்கி மருந்துகளும் உழைப்பும்: மாளிகாவத்தையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் கிராண்ட்பாஸிற்கும் இடைப்பட்டுக் கிடக்கும் மாளிகாவத்தை, பெயரளவில் மாளிகைத் தோட்டம். நடைமுறையில் நகரின் மிகச் செறிந்த குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. புகையிரதத் தரிப்பிடங்கள் ஒருபுறம், முஸ்லிம் மையவாடி ஒருபுறம், 1986 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட கெத்தாராம விளையாட்டரங்கு வேறொருபுறம். இவற்றின் நடுவே அடுக்குமாடிக் குடியிருப்புகளும், அவற்றை ஒட்டித் 'தோட்டம்' என வழங்கப்பெறும் நெருக்கமான சிறுவீட்டு வரிசைகளும் அமைந்துள்ளன. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராகவும், சிங்களவரும் தமிழரும் அவர்களோடு கலந்தும் இங்கு வாழ்கின்றனர். நாளேடுகளிலோ இவ்விடத்தின் பெயர் பெரும்பாலும் ஒரே வகைச் செய்தியிலேயே இடம்பெறுகின்றது. இத்தனை கிராம் ஐஸ், இத்தனை கிராம் ஹெரோயின், இத்தனை பேர் கைது. இதனை நாள்தோறும் வாசிப்பவர் மனத்தில் இடமும் பொருளும் ஒன்றாகிவிடுகின்றன; அப்பொருள் அம்முடுக்குகளிலேயே முளைத்தது போன்றதோர் எண்ணமும் வேரூன்றிவிடுகின்றது.

வரலாறு இவ்வெண்ணத்திற்கு இடந்தருவதாக இல்லை. ஐஸ் என இன்று வழங்கும் மெதம்பெற்றமைன் ஆய்வுகூடத்திற் பிறந்தது. மருந்துக் கம்பனிகளால் வளர்க்கப்பட்டது. படைமுகாம்களிலும் தொழிற்சாலைகளிலும் அதிகாரிகளின் கையாலேயே விநியோகிக்கப்பட்டது. தோட்டத்து இளைஞன் கைக்கு அது வந்து சேர்ந்தது இவையெல்லாம் நடந்து முடிந்த பின்னரேயாகும். அது வந்த வழியையும், வந்த இடத்தில் உடலுக்கு அது செய்வதையும், அதனை எதிர்கொள்ள இந்நாட்டுச் சட்டம் கைக்கொண்ட முறையையும் சேர்த்து நோக்கும்போதே பிரச்சினையின் முழு உருவம் புலப்படும்.

போதைப்பொருள் என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சுட்டுவது நம்மவரிடையே வழக்கம். ஆயினும் உடலின்மேல் அவை தொழிற்படும் முறையை நோக்கின் எதிரெதிரான இரு குடும்பங்களைக் காணலாம். அபினும் அதன் வழிவந்த மோர்பின், ஹெரோயின் என்பனவும் நோவைத் தணித்து நரம்புகளை அயரச் செய்வன. கொக்கா இலை, கொக்கெயின், அம்பெற்றமைன், மெதம்பெற்றமைன் என்பன நரம்புகளை உசுப்பி, உறக்கத்தையும் பசியையும் களைப்பையும் விரட்டுவன. பின்னையவையே ஊக்கிகள். தேயிலையும் கோப்பியும் இக்குடும்பத்தின் சாதுவான உறுப்பினர்களே என்பதை, மலையகத்துத் தொழிலாளர் உழைப்பால் உலகத்தை விழித்திருக்கச் செய்துவரும் ஒரு நாட்டில் நினைவூட்டுவது மிகையன்று. வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் ஓரளவு ஊக்கும் தன்மை உடையதே. பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலிற் பதிந்துள்ளபோதும், எவரும் அதனைப் போதைப்பொருள் என்று அழைப்பதில்லை.

ஊக்கிகளின் வரலாறு இன்ப நாட்டத்தின் வரலாறு என்பதைவிட வேலை வாங்கலின் வரலாறு எனக் கூறுவது பொருந்தும். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்தீஸ் மலைநாட்டைக் கைப்பற்றியபோது, அங்குள்ள மக்கள் கொக்கா இலையை மென்று வருவதைக் கண்டு, அது பழைய தெய்வ வழிபாட்டோடு தொடர்புடையதென்று திருச்சபையினர் கண்டித்தனர். ஆயின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கங்களில் நிலத்தடியில் பட்டினியோடு உழைத்த தொழிலாளரை அந்த இலையின்றி வேலைவாங்க முடியாதென்பது தெளிவானதும் கண்டனம் அடங்கியது. இலைக்கு வரி விதிக்கப்பட்டது. அதன் வியாபாரத்தால் ஸ்பானியர் பலர் செல்வராயினர். உணவைக் கூட்டிக் கொடுப்பதைவிட இலையைக் கொடுப்பது மலிவு என்ற கணக்கு, பின்வந்த நூற்றாண்டுகளிலும் வேறு வேறு உருவங்களில் தொடர்ந்து வந்திருக்கின்றது.

மெல்லப்படும் இலை மெதுவாகவே வேலை செய்யும். 1860 அளவில் ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரில் அல்பேட் நீமன் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்துக் கொக்கெயின் எனப் பெயரிட்டதோடு இந்த இயற்கையான வேகத்தடை நீங்கிற்று. 1884 இல் வியன்னாவின் இளம் வைத்தியராயிருந்த சிக்மண்ட் புரொயிட் அதனைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மோர்பினுக்கு அடிமையாகியிருந்த தம் நண்பர் எர்ன்ஸ்ற் வொன் பிளைசலை மீட்க அதனையே மருந்தாகவும் பரிந்துரைத்தார். நண்பர் மீளவில்லை. மோர்பினோடு கொக்கெயினுக்கும் அடிமையாகி, தோலின் கீழ்ப் பூச்சிகள் ஊர்வதாகப் பிரமை கொண்டு துன்புற்று, 1891 இல் இறந்தார். ஒரு போதைக்கு மற்றொன்றை மருந்தாக்கும் அவசரத்தின் விளைவை மருத்துவ உலகம் இவ்வாறு தொடக்கத்திலேயே கண்டது.

கீழைத் தேசங்கள் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் ஐரோப்பாவிலிருந்து களவாக வந்த கொக்கெயினை வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் பழக்கம் பரவியிருந்தது. இலங்கையின் பங்கு சற்று வியப்பிற்குரியது. கொக்காச் செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் கியூ பூங்காவின் வழியாகப் பேராதனைப் பூங்காவை அடைந்தது. கோப்பி நோயுற்று வீழ்ந்த பின்னர் மாற்றுப் பயிர்களைத் தேடிய காலத்தில் அது சிறு அளவிற் பயிரிடப்பட்டு, இலை இலண்டன் சந்தைக்கும் ஏற்றுமதியாயிற்று. தேயிலை வென்றது, யாவாத் தீவின் கொக்கா சந்தையைக் கவர்ந்தது, இலங்கைக் கொக்கா மறக்கப்பட்டது. ஆதலின் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நச்சுப் பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அபின் செடியோடும் கஞ்சாவோடும் கொக்காச் செடியையும் பெயர் சுட்டித் தடைசெய்தது வெறும் சம்பிரதாயம் அன்று. அச்செடி வளர்ந்த மண் இது.

ஐஸின் வமிசாவளி வேறொரு செடியிலிருந்து தொடங்குகின்றது. சீன வைத்தியத்தில் இளைப்பு நோய்க்குப் பயன்பட்டுவந்த எபெட்ரா என்னும் புதரிலிருந்து, 1885 இல் யப்பானிய இரசாயன அறிஞர் நகாய் நகயோசி எபெட்ரின் என்ற சாரத்தைப் பிரித்தார். அதிலிருந்து 1893 இல் மெதம்பெற்றமைனை ஆக்கினார். 1919 இல் ஒகாட்டா என்பவர் அதனைப் பளிங்கு வடிவில் பெற்றார். இன்று தெருவில் ஐஸ் என்ற பெயர் வழங்கக் காரணமான பளிங்குருவம் இதுவே. இதன் நெருங்கிய உறவான அம்பெற்றமைன் 1887 இல் பேர்ளினில் உருவாக்கப்பட்டிருந்தது. எனினும் இவற்றால் என்ன பயன் என்பதை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். நோயைத் தேடி அலைந்த மருந்துகள் இவை எனலாம்.

1930களில் அந்தத் தேடல் முடிவுற்றது. அமெரிக்கக் கம்பனியொன்று பென்செட்றீன் என்ற பெயரில் அம்பெற்றமைனை முதலில் மூக்கடைப்புக்கு உறிஞ்சு குழாயாகவும், பின்னர் மாத்திரையாகவும் விற்றது. கட்டுக்கடங்காத உறக்க நோய்க்கு 1935 இல் அது பயன்படுத்தப்பட்டது. 1937 இல் சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் அமைதியற்ற சிறுவர்க்கு அதனைக் கொடுத்து அவர்கள் பாடத்தில் மனம் ஊன்றுவதைக் கண்டார். கவனக்குறைபாட்டு நோய்க்கு வைத்தியர் மேற்பார்வையில் இன்று அளவோடு வழங்கப்படும் மருந்துகளின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது. பல்கலைக்கழக வாசகர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அதே 1937 இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் பரீட்சைக்கு இரவிரவாகப் படிக்க இம்மாத்திரையை விழுங்குவது அந்நாட்டுச் சஞ்சிகைகளில் செய்தியாகிவிட்டது. மறு ஆண்டிலேயே, பென்செட்றீன் உட்கொண்ட நோயாளர் சிலர் தம்மைப் பிறர் துரத்துவதாக மருண்டு மனநோயுற்றனர் என்ற மருத்துவ அறிக்கையும் வெளியாயிற்று. மாத்திரை கடைக்கு வந்து மூன்றாண்டு ஆகுமுன்னரே தீங்கு தெரிந்திருந்தது. விற்பனை நிற்கவில்லை.

போர் மூண்டது. ஜேர்மனியில் ரெம்லர் கம்பனி 1938 இல் மெதம்பெற்றமைனைப் பேர்விற்றின் என்ற பெயரில் சந்தைப்படுத்தியது. பேர்ளின் இராணுவ மருத்துவக் கழகத்தைச் சேர்ந்த ஒற்றோ ரங்கே அதனைத் தொண்ணூறு மாணவர்மேற் பரிசோதித்து, உறக்கமின்றிப் போரிடப் படைவீரர்க்கு உகந்ததெனக் கண்டார். 1940 ஏப்ரலுக்கும் யூலைக்கும் இடைப்பட்ட காலத்தில், பிரான்சின்மீது படையெடுத்த பருவத்தில், மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மாத்திரைகள் ஜேர்மன் படைகளுக்கு அனுப்பப்பட்டன. பிரித்தானிய, அமெரிக்கப் படைகள் பென்செட்றீனைப் பயன்படுத்தின. இரு தரப்பினரும் பாசிசத்தையும் சனநாயகத்தையும் பற்றி வேறுபட்டிருக்கலாம். களைத்த உடலைக் கடன் வாங்கி நடத்துவதில் வேறுபடவில்லை.

யப்பானின் அனுபவமே இவ்வரலாற்றில் ஆழ்ந்து நோக்கற்பாலது. 1941 இல் அங்கு மெதம்பெற்றமைன் 'ஹிறோப்பொன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உழைப்பின்மேற் காதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ஆக்கப்பட்ட பெயர் அது. வேலைவாங்குவோரின் நோக்கத்தை இதைவிட வெளிப்படையாக எழுதிய மருந்துப் புட்டி வேறு இருக்குமோ என்பது ஐயமே. ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தோருக்கும், விமானிகளுக்கும் அது வழங்கப்பட்டது. 1945 இல் போர் முடிந்தபோது படையினரிடமும் கம்பனிகளிடமும் இருந்த பெருந்தொகை மருந்து பொதுச் சந்தையிற் கொட்டியது. வேலையிழந்தோர், களைத்தோர், அனாதைகளான இளைஞர், இரவெல்லாம் எழுதிய எழுத்தாளர் எனப் பலரும் அதனை நாடினர். மாத்திரை ஊசியாயிற்று. 1951 இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அரசாங்கம் அதனைத் தடுத்தது. தடுத்த பின்னரும் 1954 ஆம் ஆண்டில் மட்டும் கைதானோர் தொகை 55,000 ஐத் தாண்டியது. நாட்டிற்கு உழைக்கவென அரசாங்கமே ஊட்டிய மருந்தை உட்கொண்டவர்கள் பத்தாண்டிற்குள் குற்றவாளிகளாயினர். மருந்து மாறவில்லை, அதை உட்கொண்டவரிடமிருந்து பெறவேண்டிய வேலைதான் முடிந்திருந்தது.

தாய்லாந்தும் இதே பாதையிற் சென்றது. நெடுந்தூர லொறிச் சாரதிகளும் வயல், மீன்பிடித் தொழிலாளரும் விழுங்கிய மெதம்பெற்றமைன் மாத்திரைக்கு அங்கு 'குதிரை மருந்து' என்று பொருள்படும் பெயர் வழங்கியது. 1996 இல் அரசாங்கம் அதனைப் 'பைத்திய மருந்து' எனப் பொருள்படும் 'யாபா' என்று பெயர் மாற்றியது. 2003 இல் அந்நாட்டு அரசாங்கம் தொடுத்த போதை ஒழிப்புப் போரின் முதல் மூன்று மாதங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். யாபா ஒழியவில்லை.

இனி, உடலுக்கு நேர்வதை நோக்குவோம். நரம்புக் கலங்கள் தமக்குள் டோப்பமைன், நோரதிரனலீன் முதலிய தூதுப் பொருட்களைச் சேமித்து, வேண்டியபோது துளித்துளியாக வெளிவிட்டு, பின் மீள உள்ளெடுத்துக்கொள்கின்றன. கொக்கெயின் இந்த மீளெடுப்பை அடைத்துவிடுகின்றது. மெதம்பெற்றமைனோ அடைப்பதோடு நில்லாது, சேமிப்பில் உள்ளதையும் வெளியே தள்ளிவிடுகின்றது. கொக்கெயின் குருதியிற் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும்; மெதம்பெற்றமைனுக்கோ பத்து மணித்தியாலமளவு செல்லும். ஐஸைப் புகைக்கும் ஒருவன் ஒரு முழு இரவை, சில வேளை இரண்டு மூன்று இரவுகளை, உறக்கமும் உணவுமின்றிக் கழிப்பதன் காரணம் இதுவே. அந்த உற்சாகத்தில் புதிதாக வந்த பலம் எதுவுமில்லை. நாளைக்கும் மறுநாளைக்கும் உரியது ஒரே இரவிற் செலவாகின்றது.

அச்செலவை முதலில் தாங்குவது இருதயம். நாடி விரைகின்றது, குருதியமுக்கம் ஏறுகின்றது, இருதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் இறுகுகின்றன. மாரடைப்பும், மூளையிற் குருதிப் பெருக்கும், அதனால் வரும் பாரிசவாதமும் முதியோர் நோய்கள் என்று கருதப்படுவன. ஊக்கிகளைப் பாவிப்போரிடையே இருபது, முப்பது வயதினர்க்கும் அவை நேர்கின்றன. நீண்டகாலப் பாவனையில் இருதயத் தசையே வலுவிழந்து வீங்கிவிடும். உடல் வெப்பம் கட்டுமீறி ஏறுவது மற்றோர் ஆபத்து. கொழும்பின் புழுக்கத்தில், தகரக் கூரையின் கீழ், நீர் அருந்தவும் தோன்றாது கிடப்பவனுக்கு இது மேலும் கொடிது. வெப்பத்தால் தசைகள் சிதைந்து, அச்சிதைவு சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்வதுண்டு. 1967 யூலை 13 ஆம் நாள் பிரான்சின் வொந்து மலையேற்றத்தில் வீழ்ந்து இறந்த துவிச்சக்கரவண்டி வீரர் ரொம் சிம்சனின் உடலில் அம்பெற்றமைன் இருந்தது. வெயிலும் களைப்பும் மருந்தும் ஒன்றுசேர்ந்தால் பயிற்சிபெற்ற உடலும் தாங்காதென்பதற்கு அது சான்று.

மனத்திற்கு நேர்வது வேறு. 1958 இல் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையைச் சேர்ந்த பி. எச். கொனல் நாற்பத்திரண்டு நோயாளரை ஆராய்ந்து, அம்பெற்றமைனால் வரும் மனநோய் உளப்பிளவு நோயினின்று பிரித்தறிய அரிதானது எனக் காட்டினார். பிறர் தன்னைப் பின்தொடர்வதாக, மதிலுக்கு அப்பால் தன்னைப் பற்றிப் பேசுவதாக, கொல்லத் திட்டமிடுவதாக நோயாளி உறுதியாக நம்புகின்றான். பெரும்பாலோர்க்கு மருந்தை நிறுத்திய சில நாட்களில் அல்லது வாரங்களில் இது தணியும், சிலர்க்குத் தணியாது, தணிந்தோர்க்கும் மீண்டும் சிறிதளவு பாவித்ததும் திரும்பிவரும். பொலிஸ் தேடுதல் உண்மையாகவே நாள்தோறும் நடைபெறும் ஒரு குடியிருப்பில் இந்நோயை வீட்டார் இனங்காண்பது எளிதன்று. மகன் அச்சப்படுவது பிரமையினாலா, காரணத்தோடா என்று தாய் எவ்வாறு அறிவாள்? மருத்துவ நூல்கள் இக்கேள்வியை எழுப்புவதில்லை.

பற்கள் சிதைதல், உடல் மெலிதல், தோலைச் சுரண்டிப் புண்ணாக்கல், கருவுற்ற தாயின் குழந்தை எடை குறைந்து பிறத்தல் என்பனவும் கூறத்தக்கன. ஹெரோயினையும் ஐஸையும் சேர்த்துப் பாவிப்போர் இன்னும் ஆபத்தான நிலையினர். ஊக்கியின் வேகம் ஹெரோயினின் மயக்கத்தை மறைத்துநிற்க, வேகம் அடங்கியதும் மறைந்திருந்த மயக்கம் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். நிறுத்த முனைபவனை எதிர்கொள்வது நாட்கணக்கான உறக்கமும், அதன்பின் எதிலும் சுவையற்ற பெருஞ்சோர்வும். தற்கொலை எண்ணம் தலைதூக்கும் காலம் அதுவே. அவனைத் தனியே விடலாகாது.

இத்தகையதொரு தீங்கை இலங்கைச் சட்டம் எவ்வாறு அணுகியது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆட்சி அபின் கடைகளுக்கு அனுமதியளித்து வருவாய் ஈட்டிற்று. மதுவிலக்கு இயக்கத்தினரும் சமய அமைப்புகளும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக 1910 ஆம் ஆண்டுச் சட்டம் கடைகளை மூடச்செய்து, அபினை அரசாங்கத்தின் தனியுரிமையாக்கியது. ஏற்கெனவே அபினுக்குப் பழகியவர்களும், மருந்தாக அதனைப் பயன்படுத்திய சுதேச வைத்தியர்களும் பதிவுசெய்யப்பட்டு, அளவாகப் பெற அனுமதிக்கப்பட்டனர். குடியேற்ற ஆட்சியின் வரி ஆசை இதன் பின்னால் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழகிவிட்டவனை ஒரு பதிவேட்டில் ஏற்றி, அவன் கண்காணிப்பில் மெல்லக் குறைந்துபோக இடமளித்த அம்முறை கவனிக்கத்தக்கது. 1929 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலும் அதன் சுவடு உண்டு.

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் வந்தபோது பதிவேட்டின் இடத்தைத் தராசு பிடித்தது. 1984 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையைத் தோற்றுவித்தது. அதே ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இரண்டு கிராமும் அதற்கு மேலுமான ஹெரோயினை அல்லது கொக்கெயினை வைத்திருத்தலுக்கும் கடத்தலுக்கும் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என விதித்தது. 1976 யூன் மாதத்தின் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 இல் போதைப்பொருட் கைதிகள் நால்வரைத் தூக்கிலிட அப்போதைய சனாதிபதி ஆணையிட்டபோதும் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. எழுத்தில் மரணம், நடைமுறையில் நெடுஞ்சிறை என்ற நிலையே நீடித்தது.

தராசின் இயல்பை விளக்க ஓர் உதாரணம் போதும். 2016 திசம்பரில் எக்குவடோரிலிருந்து இந்தியாவுக்குச் செல்லவிருந்த மரக் கொள்கலன் ஒன்றில் 928 கிலோகிராம் கொக்கெயின் கொழும்பிற் கைப்பற்றப்பட்டது. 2018 சனவரியில் அது கட்டுநாயக்கவில் பகிரங்கமாக அழிக்கப்பட்டது. 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டு கிராம் எல்லையால் வகுத்தால், 464,000 மரண தண்டனைகளுக்குப் போதுமான அளவு. மாளிகாவத்தையின் எந்த அடுக்குமாடியிலும் எவரும் இத்தகைய தொகையை விலைக்கு வாங்கியிருக்க முடியாது. பெருங்கடலைக் கடக்கும் மூலதனமும், துறைமுகத்தில் செல்வாக்கும் உடையவர்களின் சரக்கு அது. 2020 இல் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தின் அதிகாரிகள் சிலரே போதைப்பொருள் விற்பனைச் சந்தேகத்தின் பேரிற் கைதானதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

1984 ஆம் ஆண்டின் அட்டவணையில் மெதம்பெற்றமைனுக்கு இடமில்லை. அன்று அது இங்கு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. கடந்த பத்தாண்டில் நிலைமை மாறியது. ஆப்கானிஸ்தானின் மலைச்சரிவுகளில் தானாக வளரும் எபெட்ராவிலிருந்து, நகாய் பிரித்தெடுத்த அதே சாரத்தை மலிவாகப் பெறும் முறை அங்கு பரவியது. ஹெரோயின் வந்த அதே அராபியக் கடல் வழியாக, அதே படகுகளில் ஐஸும் வரலாயிற்று. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐந்து கிராமும் அதற்கு மேலுமான மெதம்பெற்றமைனுக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்றது. 2023 திசம்பர் 17 ஆம் நாள் 'யுக்திய' என்ற பெயரில் நாடளாவிய தேடுதல் தொடங்கிற்று. ஒரு மாதம் நிறையுமுன்னரே கைதானோர் தொகை 29,000 ஐக் கடந்ததென ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2024 சனவரியிற் சுட்டிக்காட்டி, வறியோர் வாழும் பகுதிகளே குறிவைக்கப்படுவதாகக் கவலை தெரிவித்தது.

இளைஞர் எல்லோரும் வறுமையாலேயே ஐஸை நாடுகின்றனர் என்று கூறுவது எளிமைப்படுத்தலாகும். வசதிபடைத்தோர் விருந்துகளிலும் அது உண்டு. ஆயின் உழைப்பின் தன்மையை ஒதுக்கிவிட்டு இவ்விடயத்தை விளங்கிக்கொள்ளவும் இயலாது. மத்திய கொழும்பின் வறிய மக்களது பிழைப்பு புறக்கோட்டையின் மூட்டை சுமத்தலோடும், துறைமுகத்தின் இரவு முறையோடும், வாடகைக்கு எடுத்த முச்சக்கரவண்டியோடும் பிணைந்தது. அன்றன்று உழைத்தாலன்றி அடுப்பு எரியாதவர்க்கு உறக்கம் ஒரு செலவு. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியின் பின் அச்செலவு இன்னும் கூடியது. பொத்தோசியின் சுரங்கத்திற்கும் யப்பானின் தொழிற்சாலைக்கும் உரிய கணக்கு இங்கும் பொருந்துகின்றது. அங்கே மருந்தைக் கொடுத்தவன் வேலைவாங்கியவன். இங்கே உழைப்பவன் தானே விலை கொடுத்து வாங்குகின்றான்.

சிகிச்சையைப் பற்றிய பேச்சு இன்னும் தராசளவு வளரவில்லை. ஹெரோயினுக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்து உலகெங்கும் உண்டு. மெதம்பெற்றமைனுக்கு அத்தகைய நிரூபிக்கப்பட்ட மாற்று இதுவரை எங்கும் இல்லை. உறங்கவிடுதல், உண்ணக்கொடுத்தல், மனநோய்க் குறிகளுக்கு மருந்தளித்தல், பின்னர் மாதக்கணக்கான ஆற்றுப்படுத்தல், போதையின்றி இருக்கும் ஒவ்வொரு வாரத்திற்கும் சிறு வெகுமதி அளித்து ஊக்குவித்தல் என்பனவே பயன் கண்ட வழிகள். இவற்றுக்குப் பொறுமையும் பணமும் பயிற்சிபெற்ற ஊழியரும் வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் கட்டாய சிகிச்சைக்கு வழிசெய்தது. ஆயின் அச்சிகிச்சையின் பெயரால் பலர் அனுப்பப்பட்ட கந்தக்காடு நிலையம் இராணுவ நிருவாகத்தின் கீழ் இருந்தது. 2022 யூன் இறுதியில் அங்கு ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டு அறுநூறுக்கு மேற்பட்டோர் தப்பியோடினர். மருந்தகத்திலிருந்து எவரும் அவ்வாறு ஓடுவதில்லை.

மனநோயுற்றவனை அங்கொடைக்கு அழைத்துச் செல்லலாம். அங்குள்ள தேசிய மனநல நிறுவகத்தில் இத்துறையின் அனுபவமிக்க வைத்தியர்கள் உளர். எனினும் நம்மவர் பேச்சில் அங்கொடை என்ற பெயரே ஒரு வசை. மாளிகாவத்தை என்ற முகவரியால் வேலை மறுக்கப்பட்ட குடும்பம் ஒன்று அங்கொடை என்ற பெயரையும் சேர்த்துச் சுமக்கத் தயங்குவதில் வியப்பில்லை. ஆகவே மகனை அறையிற் பூட்டிவைத்துக் காலம் கடத்துகின்றனர். அல்லது ஊருக்கு, உறவினரிடம் அனுப்பிவிடுகின்றனர். நோய் முற்றிய பின்னரே, அதுவும் பெரும்பாலும் பொலிஸ் வழியாகவே, அவன் வெளியே தெரிகின்றான்.

2001 இல் அமெரிக்க ஆய்வாளர் நோரா வொல்கோவும் அவரோடு இணைந்தோரும் மெதம்பெற்றமைனைக் கைவிட்ட சிலரின் மூளையைப் படம்பிடித்து நோக்கினர். பன்னிரண்டு முதல் பதினேழு மாதம் வரை விலகியிருந்த பின்னர், சிதைந்திருந்த டோப்பமைன் அமைப்பு கணிசமாக மீண்டிருந்தது. நினைவாற்றலும் கைகால் வேகமும் அந்த அளவு மீளவில்லை. ஓராண்டிற்கு மேற்பட்ட இந்தக் காலம் முழுவதும் ஒருவனைத் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே இதன் பொருள். கட்டுப்பாட்டுச் சபையின் சிகிச்சை நிலையங்களுள் ஒன்று தலங்கமவில் உள்ளது. மாளிகாவத்தையிலிருந்து அங்கு செல்ல நகரைக் கடந்து பத்தரமுல்லைக்கு அப்பாற் போக வேண்டும். வெலிக்கடைச் சிறைச்சாலைக்கு நடந்தே போய்விடலாம்.